கிணற்றிலிருந்து ஏறியவள்

— இதுல பட்டனே இல்லியே பாப்பா, இன்னாத்த அமுக்கறது?

— கண்ணாடி மேலயே விரலை வைண்ணா. இடது கட்டை விரல். வெச்சு நகத்து, அவன் நடப்பான்.

— நடக்கறான். அடேங்கப்பா, ஓடறான்! அந்தக் காலத்துல இவன் அந்தப் பாலத்தைத் தாண்டறதுக்குள்ள நான் கடைக்குப் போய் டீயே குடிச்சிட்டு வந்துடுவேன்.

— மூணு மடங்கு வேகம் வெச்சிருக்கேன். சண்டையும் தானா போட்டுக்கும். நீ ஒண்ணும் பண்ண வேணாம்.

— அப்ப நான் இன்னாத்துக்கு?

— பார்க்கறதுக்கு.

— நல்லா கீது போ. லிஃப்ட்டுக்குள்ள நிக்கற மாதிரி சும்னே நின்னுக்கினு இருக்கணுமா? இதுக்கா ஒக்கலிபுரத்துல என் வீடு வரைக்கும் ஆட்டோ புடிச்சு வந்த, அதுவும் வேலை நாளுல?

— முனிண்ணா, விளையாடாதே. பதினோரு மணிக்கு எங்க மேனேஜர் கோதண்டராமன் சார் உன்னைக் கூப்பிடுவாரு. இப்பவே பத்தே கால். அதுக்குள்ள நீ இந்த கேமோட கடைசி சீனைப் பார்த்துடணும்.

— உன் மேனேஜரு எங்கிட்ட பேச இன்னா கீது? உங்க ஆபீஸ் லிஃப்ட்டு எங்க கம்பெனிது இல்லியே.

— நேத்து ஃபோன்ல அவ்ளோ சொன்னேனே! காதுல வாங்கினியா இல்லியா?

— நான் எட்டாவது மாடியில லிஃப்ட்டுக் கூண்டு மேல ஒக்காந்து கிரீஸ் போட்டுக்கினு இருந்தேன். நீ இன்னாமோ பேசின. அழற மாதிரி இருந்துச்சு, அதனால எல்லாத்துக்கும் சரின்னேன்.

— நான் ஒண்ணும் அழல.

— சரி, அழல. இப்ப சொல்லு.

— எங்க வேலை என்னன்னு உனக்குத் தெரியும்ல? ஒரு கேமை விக்கறதுக்கு முன்னாடி ஆடிப் பார்த்து, எங்கெங்க தப்பு இருக்குன்னு எழுதிக் குடுக்கறது. இப்ப ஒரு ஜப்பான் கம்பெனி, முப்பது வருஷத்துக்கு முந்தி வந்த ஒரு கேமை வாங்கி ஃபோனுக்குக் கொண்டாறாங்க. நம்ம கேசட்டுண்ணா. தங்கவயல்ல இருந்தப்ப ராபர்ட்சன்பேட்டையில வாங்கி டிவியில சொருகி ஆடினோமே, சிவப்புத் துண்டுக்காரன்.

— மஞ்சக் கேசட்டா இது? ஐயே! அப்ப இந்தப் பாலம் நம்ம பாலமா? கலரெல்லாம் மாத்தி, புல்லு மொளைக்க வெச்சு, அடையாளமே தெரியாம பண்ணிட்டானுங்களே.

— பாட்டு அதேதான். சத்தம் வெச்சுக் கேளு.

— ஆமா ஆமா, இதேதான்! தூக்கத்துலகூட வரும் எனக்கு. அந்தக் கோழி கிளறின ஜப்பான் எழுத்து இன்னும் கீதா? ஆட்டத்தை நிறுத்தறப்ப அம்பது எழுத்து காட்டுவான். அதை நோட்டுல வரைஞ்சு வெச்சு, மறுநாள் அதையே அப்படியே அடிச்சாத்தான் விட்ட எடத்துல இருந்து தொடங்கும்.

— வரைஞ்சது நானு. கணக்கு நோட்டு பூரா அதான் இருந்துச்சு. டீச்சர் அம்மாவைக் கூப்பிட்டு, பொண்ணுக்கு ஏதாவது மந்திரம் கிந்திரம் வெச்சிருக்கீங்களான்னு கேட்டாங்க.

— எழுத்துல ஒரு வால விட்டுட்டேன்னா போச்சு, உள்ளயே விட மாட்டான். எத்தினி தபா விட்டு கீற நீ! ரெண்டு நாளு சண்டை போட்டு வாங்கின கத்தி, உன் ஒரு வாலுல போச்சு.

— இப்ப அதெல்லாம் இல்ல. எங்க நிறுத்தினாலும் தானா சேவ் ஆயிடும்.

— எழுதவே வேணாமா?

— வேணாம்.

— சுகவாசிங்க.

— கேளுண்ணா. இந்த வேலை வந்தப்போ முதல் மீட்டிங்ல கேட்டாங்க, இந்த கேமைச் சின்ன வயசுல யாராவது ஆடியிருக்கீங்களான்னு. நாப்பது பேருல நான் ஒருத்திதான் கை தூக்கினேன். ஜப்பான்காரங்களே ஆடிப் போயிட்டாங்க. கோலார் தங்கவயல்ல எப்படி இது கெடைச்சுதுன்னு கேட்டாங்க. அப்புறம், கடைசி வரைக்கும் போய் முடிச்சியான்னாங்க. முடிச்சேன்னேன்.

— நீயா முடிச்ச?

— நீ முடிச்சா நான் முடிச்ச மாதிரிதானே! எழுத்து பூரா வரைஞ்சது யாரு? அன்னிக்கே என்னை இந்தப் ப்ராஜெக்ட்டுக்கு லீட் ஆக்கிட்டாங்க. ஒன்பது வருஷமா எனக்கு ஜூனியரா வந்தவங்கல்லாம் லீட் ஆனப்ப நான் பார்த்துட்டு இருந்தவண்ணா. இதுலதான் ஆனேன்.

— நல்லதுதானே. அதுல இன்னா பேஜாரு?

— கடைசி சீன் இல்ல.

— எந்தக் கடைசி சீனு?

— எதுன்னு கேக்கறியா? குட்டி வர்ற சீனு! துண்டுக்காரனோட தங்கச்சி, மூணாவது ஊருல கிணத்துல விழுவாளே. இங்கிலீஷ்ல அவளுக்குச் சயோன்னு பேரு வெச்சிருக்காங்க. கதையெல்லாம் முடிஞ்சு, கேம் பண்ணினவங்க பேரு வரிசையா ஓடி முடிஞ்ச அப்புறம் அவ கிணத்துல இருந்து ஏறி வருவால்ல? அது இந்த ஃபோன்ல இல்ல. நான் பெரிய தப்புன்னு எழுதிப் போட்டேன். பழைய கேசட்டுல இருந்த சீனை விட்டுட்டீங்க, இதை இப்படியே விக்கக் கூடாதுன்னு. என் ஒரு பேச்சுக்கு ரிலீஸை ஆறு வாரம் தள்ளி வெச்சிருக்காங்க. ண்ணா, கேக்குதா?

— கேக்குது. ரயிலு போவுது, அதான்.

— போயி ரொம்ப நேரம் ஆச்சு.

— அந்த கேமைப் பண்ணவனைக் கேக்கறதுதானே, இருந்துச்சா இல்லியான்னு?

— அந்தப் பழைய கம்பெனி எப்பவோ மூடிட்டாங்க. பண்ணவங்க பாதிப் பேரு எங்கேன்னு தெரியல, மீதிப் பேருக்கு ஞாபகம் இல்ல. ஒரு கேசட்டுல இருந்துதான் இதை எடுத்திருக்காங்க. முதல்ல வந்த கேசட்டு வேற மாதிரி இருந்திருக்கலாம், நான் ஆடினது அதுவா இருக்கலாம்னு நம்பறாங்க. தொலைஞ்சு போன காட்சின்னு விளம்பரமே பண்ணலாம்னு இருக்காங்க.

— விளம்பரமா? கெட்டுது கத!

— ஏன்?

— சும்னே சொன்னேன். நீ மேல சொல்லு.

— எங்க டீம்ல வீணான்னு ஒருத்தி. கான்ட்ராக்ட்டுல இருக்கா. அல்சூர்ல வீடு, நாப்பத்தி ரெண்டு வயசு, பதினாலு வருஷமா இதே வேலை. கடைசிப் பாகத்தைப் பார்க்க வேண்டியது அவ. நான் எழுதறதுக்கு முன்னாடியே மூணு தடவை முடிச்சுப் பார்த்து, எல்லாம் சரியா இருக்குன்னு கையெழுத்து போட்டுட்டா. அப்புறம் நான் இருக்குன்னேன். அவ இல்லங்கறா. பெரியவங்க முன்னாடி ஒரே வார்த்தைதான் சொன்னா, நான் பார்த்ததைத்தான் எழுதினேன்னு.

— சரியாத்தான சொல்லி கீது அந்தம்மா.

— தப்பு நடந்ததுன்னா யாராவது ஒருத்தர் பொறுப்பு ஏத்துக்கணும்ணா. அவ கான்ட்ராக்ட் இந்த மாசத்தோட முடியுது. புதுப்பிக்க வேணாம்னு பேச்சு. கவனமில்லாம கையெழுத்து போட்டான்னு எழுதி அனுப்பினா வேற கம்பெனிக்கும் அது போகும். ஆனா ஜப்பான்காரங்க, ஒருத்தி சொல்றதை மட்டும் வெச்சு முடிவு பண்ண மாட்டோம்னுட்டாங்க. உங்ககூட யாரு ஆடினா, அவங்களும் பார்த்தாங்களான்னு கேட்டாங்க. என் அண்ணன்னு சொன்னேன். அதுக்குத்தான் இன்னிக்கு ஃபோன்.

— அப்ப நான் சொல்றதை வெச்சு அந்தம்மாவை அனுப்புவாங்க.

— நீ சொல்றதை வெச்சு யாரு சொல்றது சரின்னு பார்ப்பாங்க.

— அதான் சொல்றேன்.

— ண்ணா, முதல்ல முடிவைப் பாரு. கடைசிச் சண்டை முடிஞ்ச எடத்துல சேவ் பண்ணி வெச்சிருக்கேன். இந்தா. எதையும் தொடாதே, அது பாட்டுக்கு ஓடும்.

— ம்… ஊருக்குத் திரும்பி வர்றான். இது யாரு, தாடிக்காரக் கெழவனா?

— ஆமா, கப்பல்காரன்.

— மூஞ்சியெல்லாம் தெளிவா வெச்சுட்டானுங்க. நமக்கு நாலு கட்டமாத்தான தெரியும். இவன் எங்க போறான்?

— கிணத்துக்கு. பாரு, துண்டை அவுத்து கிணத்துச் சுவத்து மேல வைக்கறான்.

— வெச்சுட்டுப் போறான்.

— இப்ப பேரெல்லாம் ஓடும். பொறு.

— எல்லாம் ஜப்பான்காரன் பேரு. இவனுங்க எங்க கீறானுங்களோ.

— முடிஞ்சுது. இப்ப பாரு.

— கிணத்தைக் காட்டறான்.

— ம்.

— இன்னும் காட்டறான்.

— ஒரு நிமிஷம் காட்டுவான். பாட்டு இல்ல, ஆளு இல்ல, வெறும் கிணறு. யாரும் வர மாட்டாங்க, திரை கறுத்துடும். அதான்ணா எனக்குச் சந்தேகமே. யாரும் வரலேன்னா எதுக்கு ஒரு நிமிஷம் காட்டணும்? ஜப்பான்காரங்களும் அதான் சொல்றாங்க, ஏதோ வெட்டி எடுத்த மாதிரி இருக்குன்னு.

— கறுத்துடுச்சு.

— பார்த்தியா? வரல. நீ சொன்ன மாதிரி அவ வந்திருக்கணும்ல?

— பாப்பா, அப்ப உனக்கு இன்னா வயசு?

— ஒன்பது. உனக்குப் பதினஞ்சு. சுரங்கத்தை மூடினாங்களே, அந்த வருஷம். எதுக்குக் கேக்கற?

— குட்டி கிணத்துல விழுந்ததை நீ பார்த்த.

— பார்த்தேனே. நாம ரெண்டு பேரும்தான் பார்த்தோம். நான் அழுதேன், நீ டிவிய மறைச்சுக்கினு நின்னே. மறுநாள் காலையில எனக்கு அம்மை போட்டுடுச்சு. பின் ரூம்ல படுக்க வெச்சாங்க. வெளியாளு யாரும் வரக் கூடாது, தலை சீவக் கூடாது, வீட்ல எதையும் தாளிக்கக் கூடாது. உன்னையும் உள்ள விடல. நீ வெளியில ஆடுவே, கதவு வழியா சொல்லுவே. இப்ப காட்டுக்குள்ள போறான், இப்ப கப்பல் வாங்கிட்டான், இப்ப பேய் வந்துடுச்சுன்னு. சண்டை வந்தா அந்தப் பாட்டு கேக்கும்.

— கேட்டுச்சா?

— மெதுவா கேட்டுச்சு. அம்மா திட்டுவாங்கன்னு சத்தத்தைக் கொறைச்சு வெச்சிருக்கேன்னு சொன்னியே.

— ம்.

— எனக்கு அந்த ஜுரத்துல வேற ஒண்ணுமே ஞாபகம் இல்ல. உடம்பெல்லாம் பிச்சுக்கலாம் போல இருக்கும். நீ இன்னிக்கு எதுவரைக்கும் போனேன்னு சொல்றதுக்காகப் பல்லைக் கடிச்சுட்டுப் படுத்திருப்பேன். நான் இந்த வேலைக்கு வந்ததே அதனாலண்ணா. சத்தியமா. இங்க பாரு, உனக்கு ஒண்ணு காட்டறேன். நான் எழுதினதை வெச்சு ஜப்பான்ல ஒரு ஓவியர் வரைஞ்சு அனுப்பியிருக்காரு. இப்படித்தான இருந்துச்சு?

— குடு. என் மூக்குக் கண்ணாடிய எடு மொதல்ல, டிவி மேல கீது பாரு. ம்… மஞ்சத் துணி சுத்தி கீறா. தலையெல்லாம் ஈரம். தலையில இன்னா அது, பச்சையா?

— இலை. தலைமுடியில இலை ஒட்டிட்டு இருக்கும்னு நீதான சொன்னே? நான் அதையும் எழுதினேன். அவங்ககூட கேட்டாங்க, அந்த ஊருல கிணத்துப் பக்கம் மரமே இல்லியே, இலை எங்கிருந்து வந்துச்சுன்னு. எனக்குத் தெரியாது, அப்படித்தான் இருந்துச்சுன்னேன்.

— இது வேப்பிலை பாப்பா.

— என்னது?

— வேப்பிலை. அவருக்குத் தெரியல, அதான் மூங்கில் எலை மாதிரி வரைஞ்சு வெச்சி கீறாரு.

— ஜப்பான் கேமுல வேப்பிலை எப்படிண்ணா வரும்?

— கேமுல வராது.

— ண்ணா.

— பதினோராவது நாளு உனக்குத் தலைக்குத் தண்ணி ஊத்தினாங்க. மஞ்சளும் வேப்பிலையும் போட்ட தண்ணி. அம்மா உனக்கு அவங்க பழைய மஞ்சப் புடவையைக் கிழிச்சு சுத்தி வெளிய கூட்டியாந்தாங்க. அத்தினி நாளு கழிச்சு அப்பத்தான் உன் மூஞ்சியப் பார்த்தேன். எலும்பா இருந்த. தலையில நாலு எலை ஒட்டிக்கினு இருந்துச்சு. வந்ததும் வராததுமா இன்னா கேட்ட தெரியுமா?

— குட்டி வந்துட்டாளான்னு.

— வந்துட்டான்னேன். எப்படி வந்தான்னு கேட்ட. எதிர்ல நீ நின்னுக்கினு கீற. நான் வேற இன்னாத்த சொல்றது? அந்த ஓவியரு ஜடை போட்டுட்டாரு. உனக்கு அப்ப கட்டிங்.

— சிரிக்காதே.

— சிரிக்கல.

— இருபத்தி நாலு வருஷம்! ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, "அது நான் சும்மா சொன்னது பாப்பா"ன்னு சொல்ல உனக்கு வாய் வரல, இல்ல? ஜப்பான்ல ஒரு ஓவியரு ஒக்காந்து என்னை வரைஞ்சுக்கினு கீறாருண்ணா! எனக்கு அம்மை எறங்கினதை!

— நீ இதைப் போய் ஆபீஸ்ல எழுதுவேன்னு நான் கண்டேனா? ஏதோ புள்ள கேட்டுச்சு, சொன்னேன். உனக்கு மறந்து போயிருக்கும்னு நெனைச்சேன்.

— மறக்கவா? நான் அதை வெச்சுதான் வளர்ந்தேன். அப்பா வேலை போய் வீட்ல படுத்துக்கிட்டப்ப, காலேஜுல ஃபெயில் ஆனப்ப, எல்லாத்துக்கும் நான் நெனைச்சுக்கிறது அதுதான். பேரெல்லாம் ஓடி முடிஞ்ச அப்புறமும் குட்டி வந்தாளே, எழுந்து போய் வேலையப் பாருன்னு. தூ! இப்ப நெனைச்சா எவ்ளோ அசிங்கமா இருக்கு.

— இதுல அசிங்கம் இன்னா கீது?

— உனக்குப் புரியாது. அப்ப நீ முடிவைப் பார்த்துட்டு, அவ வரலைன்னு தெரிஞ்சு, எனக்காக மாத்திச் சொன்னே. அதானே?

— அதை விடு.

— எதுக்கு விடணும்? சொல்லு.

— விடு பாப்பா. இப்ப மணி இன்னா?

— பத்தே முக்கால். சரி. சரி, நான் யோசிக்கறேன். பேசாதே கொஞ்ச நேரம்.

— நான் பேசல.

— இது யாருக்கும் தெரியாதுண்ணா. அந்த மஞ்சக் கேசட்டு இப்ப இல்ல. எனக்கு அம்மை எறங்கினதுமே கடையில குடுத்து வேற மாத்திட்டே, முடிச்சாச்சுல்ல, இனிமே எதுக்குன்னு. அது மாதிரி டூப்ளிகேட் கேசட்டு எத்தனை வந்துச்சுன்னு யாருக்குத் தெரியும்? ஒண்ணொண்ணுலயும் ஒவ்வொண்ணு மாத்தியிருப்பாங்க. நம்ம கேசட்டுல அப்படி இருந்துச்சு, அவ்ளோதான். பொய்னு யாராலயும் நிரூபிக்க முடியாது.

— அப்ப நான் பார்த்தேன்னு சொல்லணும்.

— ஒரே வார்த்தை. பார்த்தேன். அதுக்கு மேல எதுவும் வேணாம். இலை பத்திக் கேட்டா ஞாபகம் இல்லைன்னு சொல்லு.

— அந்தம்மா?

— அவளுக்கு வேற எடம் கெடைக்கும்.

— கவனமில்லாதவன்னு எழுதி அனுப்பினாலுமா?

— நான் என்ன பண்ணட்டும்? உண்மையைச் சொல்லட்டுமா? நாப்பது பேரு முன்னாடி எழுந்து நின்னு, நான் ஆடி முடிக்கல, என் அண்ணன் கதவுக்கு அந்தப் பக்கம் சொன்னதைக் கேட்டேன்னு சொல்லட்டுமா? ஆறு வாரம்ணா. அது எவ்ளோ பெரிய விஷயம்னு உனக்குத் தெரியாது. என்னை வெளியே அனுப்பறது இருக்கட்டும், அதுக்கு முன்னாடி சிரிப்பாங்க. எனக்குப் பயமா இருக்கு. நேத்துல இருந்து சாப்பாடு எறங்கல.

— ரவை கிண்டவா?

— வேணாம்!

— அந்தம்மா சண்டை கிண்டை போட்டாங்களா உங்கிட்ட?

— சண்டை போட்டிருந்தா நல்லா இருந்திருக்கும். எதுவும் பேசல. ஒரு நாளு வந்து, மேடம், அந்தப் பொண்ணு எந்தக் கிணத்துல இருந்து வருவா, ஸ்வல்ப நெனைச்சுப் பார்த்துச் சொல்லுங்கன்னு கேட்டா. இந்த கேமுல மொத்தம் முப்பத்தியோரு கிணறு இருக்குண்ணா. ரெண்டு சனி ஞாயிறு லீவுல வந்து, ஒவ்வொரு கிணத்துலயும் நிறுத்திப் பார்த்திருக்கா. துண்டோட ஒரு தடவை, துண்டு இல்லாம ஒரு தடவை. கேமுக்குள்ள பகல் வந்தா ஒரு தடவை, இருட்டினா ஒரு தடவை. எல்லாத்தையும் தேதி போட்டு எழுதி வெச்சிருக்கா. தன் கண்ணு தப்பா பார்த்துடுச்சோன்னு அவளுக்கே சந்தேகம் வந்துடுச்சு போல.

— எல்லாக் கிணத்துலயுமா?

— எல்லாத்துலயும்.

— என் வாயில வந்ததை அந்தம்மா கிணறு கிணறா தேடிக்கினு கீது.

— அப்படிச் சொல்லாதே.

— வேற எப்படிச் சொல்றது?

— நீ ரொம்ப யோக்கியன் மாதிரிப் பேசாதே. உங்க வேலையில எல்லாத்தையும் பார்த்துட்டுத்தான் எழுதறியா?

— எங்க? மாசா மாசம் லிஃப்ட்டுக் கயிறு பார்த்தேன்னு ரிஜிஸ்டர்ல எழுதணும். ரெண்டு பில்டிங்ல பார்க்காமலே எழுதி கீறேன். மழை, மேல ஏற முடியல.

— அப்புறம் என்ன ஆச்சு?

— ஒண்ணும் ஆவல. அப்புறம் வேற ஆளு பார்த்து மாத்திட்டான். ஆனா அந்த ரெண்டு பில்டிங்குக்கும் இன்னிக்கு வரைக்கும் நான் படிக்கட்டுலதான் ஏறுவேன். ஒண்ணு பதினாலு மாடி.

— ண்ணா, எனக்காகப் பண்ணு. வேற எதுவும் கேக்கல உங்கிட்ட. கல்யாணத்துக்குக்கூட ஒண்ணும் கேக்கல. அப்ப எனக்காக ஒரு பொய் சொன்னேல்ல, அதையே இன்னொரு தடவை சொல்லு. அவ்ளோதான்.

— அப்ப கேட்டது ஜுரம் வந்த புள்ள.

— இப்பவும் அதே புள்ளதான். இரு, ஃபோன் வந்துடுச்சு. அவருதான். ஸ்பீக்கர்ல போடறேன். பார்த்தேன், அவ்ளோதான். என்ன?

— சரி.

— சரின்னா?

— போடு பாப்பா. நின்னுடப் போவுது.

— ஹலோ, சார்.

— குட் மார்னிங் செண்பகம். உங்க பிரதர் இருக்காரா?

— இருக்கார் சார், பக்கத்துலதான். பேசுங்க.

— நமஸ்காரம் சார். கோதண்டராமன். வேலை நேரத்துல தொந்தரவு பண்றேன், மன்னிக்கணும். ஒரே ஒரு கேள்விதான். இந்தப் பேச்சு ரெக்கார்டு ஆறது, நீங்க சொல்ற பதிலை அப்படியே ஜப்பானுக்கு அனுப்பப் போறோம். உங்களுக்குச் சம்மதம்தானே?

— அனுப்புங்க சார்.

— கேம் முடிஞ்சு பேரெல்லாம் ஓடினப்புறம், அந்தப் பொண்ணு கிணத்துல இருந்து ஏறி வர்ற சீன். அதை உங்க வீட்டு டிவியில நீங்க கண்ணால பார்த்தீங்களா?

— சார், வீணான்னு ஒரு அம்மா. அவங்க அங்க கீறாங்களா?

— ண்ணா, கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு.

— இருக்காங்க சார், இதே ரூம்லதான். ஏன் கேக்கறீங்க?

— அவங்களுக்கும் நான் பேசறது கேக்குதா?

— கேக்குது சார். நான் வீணா. சொல்லுங்க.

— அந்த ஒரு கேள்விக்குப் பதில் சொல்லிடுங்களேன் சார், எல்லாரும் காத்துண்டு இருக்கோம்.

— அண்ணா…

— அம்மா, இனிமே எந்தக் கிணத்துலயும் தேடாதீங்க. அம்மை போட்ட வீட்டுல டிவி போட மாட்டாங்கம்மா, அந்தப் பதினோரு நாளும் எங்க டிவி மேல போர்வைதான் கெடந்துச்சு, அந்த கேமை எங்க வீட்ல யாரும் முடிச்சதே இல்ல.